கன்சர்வேட்டரி கூரை கழுவும் வேலை: விலை சொல்வதும் செய்து முடிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் ஜன்னல் துடைக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகியிருக்கும்: "பின்னால் இருக்கிற கன்சர்வேட்டரி கூரையையும் கழுவித் தர முடியுமா?" ஜன்னலுக்கு விலை சொல்வதுபோல் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிட்டால், அரை நாள் அந்தக் கூரையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இந்த வேலையைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் பற்றிய விவரங்கள் பிரிட்டனுக்கானவை.

கன்சர்வேட்டரி என்றால் சரியாக என்ன?

வீட்டின் சுவரோடு ஒட்டிக் கட்டிய கண்ணாடி அறை. பெரும்பாலும் பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்து இருக்கும். கூரை கண்ணாடியாக இருக்கலாம், அல்லது உள்ளே அறை அறையாகப் பிரிந்த பாலிகார்பனேட் தகடாக இருக்கலாம். ஒரே பக்கம் சரிவது லீன்-டு. சதுரமாக இருப்பது எட்வர்டியன். முன்பக்கம் பல முகமாகத் திரும்புவது விக்டோரியன். தகடுகளைப் பிடித்திருக்கும் நீளப் பட்டைகள், அவற்றின் மேல் மாட்டிய வெள்ளை பிளாஸ்டிக் மூடிகள், நடு உச்சி, உச்சியின் முனையில் நிற்கும் அலங்காரக் கூம்பு, கீழே மழைநீர்ப் பீலி, வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் ஈயத் தகடு. இந்தப் பாகங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

விலையை எதை வைத்துச் சொல்வது? சதுர அடிக்கா, தகடு ஒன்றுக்கா?

தகடுகளை எண்ணி, தகடு ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போனிலேயே விலை சொல்ல அது வசதிதான். ஆனால் கூரையின் அளவு வேலையில் பாதியைக்கூடச் சொல்லாது. மூன்று பக்கமும் நடக்க இடமுள்ள பெரிய கூரை இரண்டு மணி நேரத்தில் முடியும். பக்கத்து வீட்டு வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னக் கூரை மத்தியானம் வரை இழுக்கும். அதனால் நேரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அந்த நேரத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பிரஷ் எங்கெல்லாம் எட்டும் என்பது ஒன்று, வந்து ஒட்டியிருப்பது என்ன அழுக்கு என்பது இன்னொன்று.

மணிக்கு எவ்வளவு என்று வைத்துக்கொள்வது?

பக்கத்து ஊர்க்காரர் என்ன வாங்குகிறார் என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் சொந்தக் கணக்கைப் போடுங்கள். ஓர் உதாரணம். வரிக்கு முன் ஆண்டுக்கு 30,000 பவுண்டு கையில் நிற்க வேண்டும் என்று வையுங்கள். வேன், எரிபொருள், காப்புறுதி, நீர் ஓடும் நீளக் கம்பு, தண்ணீரைத் தூய்மையாக்கும் ரெசின், போன் எல்லாம் சேர்த்துச் செலவு 9,000. மொத்தம் 39,000. விடுமுறையும் காய்ச்சலும் பனியும் போக 44 வாரம் வேலை. வாரத்துக்கு 40 மணி நேரம் ஓடினாலும் காசு வருகிற நேரம் 22 மணிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்தைப் பயணம், மழை, விலை சொல்லப் போவது, கணக்கெழுதுவது ஆகியவை சாப்பிட்டுவிடும். 44 × 22 = 968 மணி. வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 40 பவுண்டு.

40 பவுண்டு அதிகம் என்று தோன்றினால் அந்த 22 மணியை மறுபடி பாருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை முழுவதும் சம்பாதிக்கும் நேரம் என்று எண்ணி, மணிக்கு 20 பவுண்டுக்கு வேலை எடுத்துவிடுகிறார்கள்.

ஒரு முழு வேலையைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி. மூன்றரை மீட்டருக்கு மூன்றரை மீட்டர் எட்வர்டியன், பாலிகார்பனேட் கூரை, பச்சை பிடித்திருக்கிறது, கொஞ்சம் பாசி. பக்கவாட்டுக் கதவு வழியாகக் குழாயை இழுக்கலாம். சாமான் இறக்கி, உள்ளே வெளியே பார்த்து, படம் எடுக்க 30 நிமிடம். கூரைத் தகடுகள் 90 நிமிடம். பட்டை மூடிகள், உச்சி, வெள்ளைச் சட்டங்கள் 40. பீலியை அள்ளி வெளிப்பக்கம் துடைக்க 30. சுருட்டி ஏற்றி வீட்டுக்காரரிடம் காட்ட 20. மொத்தம் மூன்றரை மணி நேரம், 140 பவுண்டு. பாசிக்கொல்லி மருந்துக்கும் ரெசினுக்கும் ஒரு பத்து. 150 பவுண்டு.

பக்கவாட்டுக் கதவே இல்லாத வரிசை வீடு என்றால் குழாய் வீட்டுக்குள்ளே, கம்பளத்தின் மேல் போக வேண்டும். விரிப்பு போட்டு, கதவுக்குக் காவல் நின்று செய்ய அரை மணி நேரம் கூடும். அதை விலையில் சேருங்கள். வேலி ஒட்டிய பக்கத்தைப் பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்துதான் எட்ட முடியும் என்றால், அனுமதி வாங்கும் பொறுப்பை வாடிக்கையாளரிடம் விட்டுவிடுங்கள்.

நேரில் பார்க்காமல் விலை சொல்லலாமா?

படம் இருந்தால் சொல்லலாம். தோட்டத்திலிருந்து ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்த்து ஒன்று. இந்த மாடிப் படம் இல்லாமல் விலை சொல்லாதீர்கள். தரையில் நின்று எடுத்த படத்தில் சுத்தமாகத் தெரியும் கூரை, மேலிருந்து பார்த்தால் புல்வெளியாக இருக்கும். அஞ்சல் குறியீட்டைக் கேட்டு வாங்கி கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தையும் பாருங்கள். கூரையின் வடிவம், மேலே கவிந்திருக்கும் மரம், அறை வடக்கே பார்க்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். வடக்கு முகமும் மர நிழலும் சேர்ந்தால் பாசி நிச்சயம்.

விலையில் எது சேரும், எது சேராது?

சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. "கூரை சுத்தம்" என்று நீங்கள் சொன்னது வெளிப்பக்கத் தகடு. அவர் புரிந்துகொண்டது பக்கக் கண்ணாடி, பீலி, உள்கூரை, சிலந்தி வலை, ஜன்னல் விளிம்பு எல்லாம். ஆகவே எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதும்: கூரையின் வெளிப்பக்கம், பட்டை மூடிகள், உச்சி, பீலி உள்ளும் புறமும், பக்கக் கண்ணாடி வெளிப்பக்கம், உட்கூரை சேராது. சேராததை எழுதும் அந்தக் கடைசி வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

உட்கூரைக்குத் தனி விலையா?

கட்டாயம். சோபா, செடித்தொட்டி, மடக்குத் திரை எல்லாவற்றையும் நகர்த்தி மூட வேண்டும். தண்ணீரை ஓடவிட முடியாது. ஈரத்துணி மாட்டிய பேடைக் கம்பில் செருகித் துடைத்து, உலர்த்த வேண்டும். வெளிக்கூரைக்கு நான் சொல்லும் விலையைவிட இதற்குக் குறைத்துச் சொல்வதில்லை. கழுத்துவலி இலவசம்.

எந்த அழுக்கு போகும், எது போகாது?

விலை சொல்லும்போதே பேசிவிட வேண்டிய விஷயம் இது. கழுவி முடித்த பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

பச்சைப் பாசி போகும். பறவை எச்சம், நத்தை போன தடம், தூசி எல்லாம் போகும். லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன்), சிக்கமோர் மரங்களின் கீழே உள்ள கூரைகளில் ஒரு கருப்புப் பிசுபிசுப்பு இருக்கும். மரத்திலுள்ள அசுவினிப் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புச் சாறு சொட்டி, அதன்மேல் கரும்பூஞ்சை வளர்வதால் வருவது. அதுவும் போகும், ஆனால் இரண்டு முறை தேய்க்க வேண்டியிருக்கும். வட்ட வட்டமாக ஒட்டியிருக்கும் மரப்பாசி (லைக்கன்) அவ்வளவு சுலபத்தில் விடாது. மருந்து போட்டுச் சில வாரம் பொறுத்தால் மெல்ல உதிரும்.

இனிப் போகாதவை. பாலிகார்பனேட் தகட்டின் உள்ளறைகளில் பச்சையோ, பூச்சியோ, நீர்த்துளியோ தெரிந்தால் அது வெளியிலிருந்து கழுவித் தீராது. தகட்டின் முனையை மூடும் டேப் விட்டுப்போய் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. தகட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், அது வேறு ஆளின் வேலை. இரட்டைக் கண்ணாடியின் நடுவே பனி படர்ந்திருந்தாலும் அப்படியே: விளிம்பு அடைப்பு போய்விட்டது. வெயிலில் மஞ்சளான பாலிகார்பனேட்டும் வெள்ளைச் சட்டமும் பழைய நிறத்துக்குத் திரும்பா. விரலால் தடவிப் பாருங்கள். அழுக்கு விரலில் வந்தால் வேலை உங்களுடையது. வராவிட்டால், எட்டுகிற ஒரு மூலையில் கையகல இடத்தைக் கழுவிக் காட்டி, "இதைவிட வெளுக்காது" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கூரைமேல் ஏறலாமா? யூடியூபில் ஏறுகிறார்களே?

ஏறாதீர்கள். பாலிகார்பனேட் தகடும் பழைய கண்ணாடியும் ஆள் பாரம் தாங்க வைத்தவை அல்ல. 2005ஆம் ஆண்டின் உயரத்தில் வேலை செய்வதற்கான ஒழுங்குவிதிகள் சொல்லும் வரிசை இதுதான்: உயரத்தில் ஏறாமலே செய்ய முடிந்தால் ஏறாதே, ஏறியே ஆக வேண்டுமென்றால் விழாமல் தடு, அதுவும் முடியாவிட்டால் விழுந்தாலும் அடி குறையும்படி செய். நீர் ஓடும் நீளக் கம்பு இருக்கும்போது அந்த வரிசையில் முதலாவதோடு நின்றுவிடலாம். பட்டைகளின் மேல் கிடத்துகிற கன்சர்வேட்டரி ஏணி கண்ணாடி மாற்றுகிறவர்களுக்கானது. கழுவுகிறதற்கு அது வேண்டாம் என்பது என் முடிவு. சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாதாரண ஏணி தேவைப்பட்டால் நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு வெளியே தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் பீலியிலோ கண்ணாடியிலோ சாய்க்காதீர்கள். வீட்டுச் சுவரில் தாங்கியோடு சாய்க்கலாம். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பது சோதிக்க மட்டும். உடம்பை வெளியே தள்ளிக்கொண்டு அங்கிருந்து தேய்ப்பது கூரை மேல் ஏறுவதைவிட மோசம்.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஏற்கெனவே ஜன்னல் செய்கிறவரிடம் முக்கால்வாசி இருக்கும். நீளும் கம்பு, மென்மையான பிரஷ், தலையை வளைக்கும் கோணப்பிடி. கோணப்பிடி இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்: தரையில் நிற்கும் உங்கள் கம்பு மேல்நோக்கிப் போகிறது, பிரஷ் கூரைச் சரிவில் தட்டையாகப் படுக்க வேண்டும். கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும். வீட்டுக்கு மேல்கம்பி வழியாக மின்சாரம் வந்தால் அந்தப் பக்கம் கம்பைத் தூக்காதீர்கள்.

தூய நீருக்கு ஆர்.ஓ. வடிகட்டியும் அதன் பின்னால் ரெசினும். லண்டன் போன்ற சுண்ணாம்பு நீர் ஊர்களில் ரெசினை மட்டும் நம்பினால் சீக்கிரம் தீர்ந்து, காசைக் கரைக்கும். நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் மீட்டரில் பூஜ்யமோ அதை ஒட்டியோ காட்டினால்தான் கண்ணாடி கறையில்லாமல் காயும். முதல் சுற்று அழுக்கைக் கரைத்துத் தள்ள வீட்டுக் குழாய்த் தண்ணீரே போதும், கடைசி அலசலுக்குத் தூய நீர். வேனில் 350 லிட்டர் தொட்டி என்றால் 350 கிலோ. வண்டி தாங்குமா, தொட்டியைச் சட்டத்தோடு பிணைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிரஷர் வாஷர் போட்டால் சீக்கிரம் முடியாதா?

முடியும், அப்புறம் கூரை ஒழுகும். பட்டை மூடிக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் ஓரம்தான் இருக்கிறது. அழுத்த நீர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். வயசான தகடுகளை இடத்தை விட்டு நகர்த்தியும் விடும்.

என்ன மருந்து பாவிக்கலாம்?

தகட்டுக்கும் கண்ணாடிக்கும் வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு. பச்சைக்குப் பாசிக்கொல்லி, பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைடு கலந்தவை. அடித்துவிட்டுப் புட்டியில் போட்டிருக்கும் நேரம் பொறுத்து, பிறகு தேய்த்தால் பாதி உழைப்பு மிச்சம். ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச், வேகமாக வெளுக்கும், ஆனால் செடி, மீன் குளம், உலோகம், உங்கள் கண் எல்லாவற்றுக்கும் ஆகாது. அமிலம் கலந்த எதனோடும் அது சேர்ந்தால் குளோரின் வாயு வரும். எனக்கு இந்த அளவு வேலைக்கு அது தேவைப்படுவதில்லை.

வெள்ளைச் சட்டத்துக்கென்று விற்கும் கரைப்பான் கிரீமைப் பாலிகார்பனேட்டில் தொடாதீர்கள். கரைப்பானும் அமோனியாவும் சுரண்டும் பேடும் அந்தத் தகட்டின் மேற்பூச்சைக் கெடுக்கும். பில்கிங்டன் ஆக்டிவ் போலத் தானே சுத்தமாகும் கண்ணாடி 2001இலிருந்து வருகிறது. அதன் டைட்டானியம் டையாக்சைடு பூச்சின் மேலும் சுரண்டலும் சிலிக்கானும் கூடாது. மருந்து ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தகவல் தாளை வேனில் வைத்திருங்கள். உடல்நலத்துக்குக் கேடான பொருட்களுக்கான 2002இன் கோஷ் (COSHH) விதிகள் கேட்கும் ஆபத்து மதிப்பீட்டுக்கு அது உதவும்.

இன்னொன்று. பீலியிலிருந்து இறங்கும் குழாய் பல வீடுகளில் மழைநீர்ப் பீப்பாயில் விழும். அந்தத் தண்ணீரைத்தான் தக்காளிக்கு ஊற்றுவார்கள். தொடங்குமுன் குழாயைத் திருப்பிவிடுங்கள். மழைநீர் வடிகாலில் போகிறது ஓடைக்குத்தான் போய்ச் சேரும். மருந்து நீரை அங்கே விடுவது குற்றம்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் உள்ளே போங்கள். மழைக்கறை, ஊறிய சுவர், வாளி வைத்திருக்கும் மூலை ஏதாவது இருந்தால் படம் எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். கூரைத் திறப்புகளை மூடச் சொல்லுங்கள். பிறகு வெளியே: மூடிகள் சில வெடித்திருக்கும், தகடு கீழே வழுக்கி மேலே இடைவெளி தெரியும், முனை மூடிகள் காணாமல் போயிருக்கும், அலங்காரக் கூம்பு ஆடும். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பீலியில் பறவை கூடு கட்டி வசித்தால் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கலைக்கக் கூடாது. குஞ்சு பறக்கும் வரை வேலையைத் தள்ளிவையுங்கள்.

பாசித் திட்டுகளை உலர்ந்திருக்கும்போதே பிளாஸ்டிக் தகட்டால் அள்ளிப் பையில் போடுங்கள். நனைத்தால் குழைந்து பீலிக்குள் போய்க் குழாயை அடைக்கும். பின் மருந்து, காத்திருத்தல். அதன்பின் உச்சியிலிருந்து கீழே, ஒரு நேரத்தில் இரண்டு தகடு. தண்ணீர் எப்போதும் சரிவோடு கீழே போகட்டும். கீழிருந்து மேலே பீச்சினால் ஈயத் தகட்டுக்கு அடியிலும் மூடிக்கு அடியிலும் ஏறும். பட்டை மூடிகளைத் துணியாலோ சின்னப் பிரஷாலோ தனியாகப் பாருங்கள். அழுக்கு தங்கும் இடம் மூடியும் தகடும் சேரும் கோடு. அந்தக் கோடு வெளுத்தால் கூரை முழுவதும் புதிதாகத் தெரியும், விட்டால் தகடு எவ்வளவு பளிச்சென்றிருந்தாலும் அரைகுறையாகத் தெரியும். குளிரில் பழைய பிளாஸ்டிக் மூடி நொறுங்கும். கம்பை அதன்மேல் ஊன்றாதீர்கள்.

பீலி கடைசியில், அதன்பின் பக்கக் கண்ணாடி. மருந்து வடிந்த தரையையும் அலசிவிடுங்கள்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

வசந்தமும், இலை உதிர்ந்து முடிந்த பின்னும். கொளுத்தும் வெயிலில் மருந்து தேய்ப்பதற்கு முன்பே காய்ந்துவிடும். உறைபனியில் செய்யாதீர்கள், நீங்கள் கொட்டிய தண்ணீரில் வீட்டுக்காரர் வழுக்கி விழுவார்.

காப்புறுதி, பதிவு, வரி?

பொதுப் பொறுப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் இல்லாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள். வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் கழுவிக்கொண்டிருக்கும் பொருளே சேதமானால் தருவீர்களா?" பல பாலிசிகள் அதை விலக்கி வைக்கும். உங்கள் விஷயத்தில் சேதமாகக்கூடியது அதுதான். உதவிக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை கொடுப்போர் காப்புறுதி கட்டாயம். குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு இருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் பல இடங்களில் ஜன்னல் துடைக்க உள்ளூராட்சியின் உரிமம் தேவை, இங்கிலாந்தில் தேவையில்லை. சுயதொழில் வருமானம் ஒரு வரியாண்டில் 1,000 பவுண்டைத் தாண்டினால் வரி அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வாட் பதிவு வரம்பு 2024 ஏப்ரல் முதல் 90,000 பவுண்டு. தனியாளுக்கு அந்தக் கவலை சீக்கிரம் வராது.

வீட்டில் வைத்தே பேசி முடித்த வேலையை வாடிக்கையாளர் ரத்து செய்யலாமா?

செய்யலாம். அவர் வீட்டில் வைத்து 42 பவுண்டுக்கு மேல் ஒப்பந்தம் செய்தால் 14 நாள் அவகாசம் உண்டு, அதை நீங்கள் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். அந்த 14 நாளுக்குள்ளேயே வேலை நடக்க வேண்டுமென்று அவர் கேட்டால், கேட்டார் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்த வருடம் குறைந்த விலைக்கா?

முதல் தடவைதான் கஷ்டம். ஒரு வருடத்துக்குள் திரும்பப் போனால் பாசி பிடித்திருக்காது, நேரம் நன்றாகக் குறையும். அதனால் முதல் விலையில் மூன்றில் இரண்டு பங்கு என்று சொல்லலாம், ஆனால் "12 மாதத்துக்குள் செய்தால்" என்ற நிபந்தனையோடு. ஐந்து வருடம் கழித்துப் பழைய ரசீதைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு.

"நீங்கள் போன பிறகு ஒழுகுகிறது" என்று போன் வந்தால்?

அன்றைக்கே போய்ப் பாருங்கள், தள்ளிப்போட்டால் சந்தேகம் வளரும். உள்ளே எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள். பழைய கறையின் அதே இடமென்றால் படத்தைக் காட்டுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கே முடியும். புது இடமென்றால் முதலில் பீலி அடைத்திருக்கிறதா, மூடி ஏதும் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தூக்கிய மூடியை அமர்த்த சில நிமிடம் போதும். சிலிக்கான் டியூபை எடுத்து நீங்களே கூரையை அடைக்கத் தொடங்காதீர்கள். அடைத்த நாளிலிருந்து அந்தக் கூரையின் எல்லா ஒழுக்குக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்றாகிவிடும். கூரை வேலைக்காரரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் கையால் உடைந்ததென்று அவர் சொன்னால் காப்புறுதிக்காரருக்குத் தகவல் கொடுங்கள்.